மேசை நிறையப் பூ

காலை ஆறரை மணி இருக்கும். புழக்கடையில் நந்தியாவட்டைப் புதருக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடை. பூவைக் கிள்ளக் கிள்ள அதன் பால் விரல்களில் பிசுபிசுத்தது. சரியான தூக்கம் இல்லாததால் பறித்து முடித்த கிளைக்கே திரும்பத் திரும்பக் கை போனது.

உள்ளே கூடத்துக் கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, அங்க என்ன பண்ற?"

"பூ பறிக்கிறேங்க."

"எதுக்கு?"

"இன்னைக்கு சாமியார் வராரு. நம்ம தெரு வீடெல்லாம் மந்திரிக்க."

அவர் இருமினார். நான் செம்பருத்திப் பக்கம் நகர்ந்தேன். செம்பருத்தி நிறைய எறும்பு. தட்டித் தட்டிப் பறித்துக் கூடையில் போட்டேன். இவ்வளவு பூவை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் செய்ய நினைத்தது ஒரு ஏமாற்று வேலை. அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் முப்பது வருடம் அரியலூர் - பெரம்பலூர் தடத்தில் நடத்துனராக இருந்தவர் என்பதையும், பாடாலூர்க்காரியான நான் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கி எப்படி ஏலாக்குறிச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன் என்பதையும் போன வாரமே சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டதற்குப் பதிலும் இதிலேயே வந்துவிடும்.

நாற்பது நாள் பறிக்காத பூ

எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயில் பீடத்தில் பூ கிடையாது. பெண்கள் தலையிலும் கிடையாது. சாம்பல் புதன் அன்று பூவை எடுத்தால் ஈஸ்டர் வரைக்கும் வெறும் தலைதான். சட்டம் போட்டு யாரும் சொல்வதில்லை. ஆனால் நடுவில் ஒரு நாள் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு தெருவில் போய்ப் பாருங்கள், தெரியும்.

செடிகளுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. வெயில் ஏற ஏற மல்லிகை அள்ளி அள்ளிப் பூக்கும். பறிப்பதற்கு ஆளில்லாமல் செடிக்கடியில் பழுப்பாக உதிர்ந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி வீணாவதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். அவர் படுக்கையில் விழுந்த அந்த வருடம் எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை. உதிர்ந்ததைக் கூட்டி வாழைக்கடியில் தள்ளினேன்.

ஈஸ்டர் முடிந்த பிறகு பங்குச் சாமியார் வீடுகளை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, தெருத் தெருவாக வருவார். கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார் தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். ஒவ்வொரு வீட்டிலும் கூடத்தில் ஒரு மேசை போட்டிருக்க வேண்டும். வெள்ளைத் துணி, சிலுவையில் இயேசு தொங்குகிற பாடுபட்ட சுருபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு கிண்ணத்தில் உப்பு, ஒரு சொம்பில் தண்ணீர். அப்புறம் பூ. நாற்பது நாள் பூ வைக்காமல் இருந்த கைகள் அன்றைக்கு அந்த மேசையில்தான் ஆசை தீர வைக்கும். கடையில் வாங்கிய பூவை யாரும் வைப்பதில்லை. வீட்டில் பூத்த பூவாக இருக்க வேண்டும், அது வேலியோரத்துக் காகிதப் பூவாக இருந்தாலும் சரி. செடி இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பூ வைக்காத மேசை

இதே மேசையை எங்கள் ஊர்க்காரர்கள் இன்னொரு காரியத்துக்கும் போடுவார்கள்.

வீட்டில் யாராவது பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால் அவஸ்தை கொடுக்கச் சாமியாரைக் கூப்பிடுவோம். நெற்றியிலும் கையிலும் மந்திரித்த எண்ணெய் பூசி ஜெபம் சொல்வார். அதற்கும் அதே வெள்ளைத் துணிதான், அதே சுருபம், அதே இரண்டு மெழுகுதிரி. பூ மட்டும் இருக்காது. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் பக்கம் இதுதான் வழக்கம்.

எனக்கு இது தெரியாது. பாடாலூரில் எங்கள் வீடு நெடுஞ்சாலை ஓரம். எங்களையும் சேர்த்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நான்கைந்து வீடுதான். சாமியார் வருவதே அபூர்வம். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் என் மாமியாருக்கு அவஸ்தை கொடுக்கச் சாமியார் வருகிறார் என்றதும், மேசை வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு டம்ளரில் செம்பருத்தி கொண்டுவந்து வைத்தேன். என் நாத்தனார் ஓடிவந்து டம்ளரைத் தூக்கிக்கொண்டாள்.

"இது பூ வைக்கிற மேசை இல்ல அண்ணி," என்றாள். "எடுத்துட்டுப் போங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க."

அப்போது என் வீட்டுக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. புதிதாக வந்தவளுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போய்விட்டது என்று நாத்தனார் மேல் இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

குடல்புண்

அவருக்கு வயிற்று வலி என்று திருச்சிக்குக் கூட்டிப்போனது மார்கழிக் குளிரில். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னையும் என் மகனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி. பரவிவிட்டது. ஆறு மாதம் என்றார்.

வெளியே வருவதற்குள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. தெரிஞ்சா அப்படியே உக்காந்துடுவாரு. குடல்புண்ணுன்னு சொல்லிடுவோம்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. மகன் சென்னைக்கு பஸ் ஏறினான். குடல்புண் என்கிற பொய்யைத் தினமும் மூன்று வேளை மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பொய் சொல்வது கஷ்டமில்லை. சொன்ன பொய்யைப் பராமரிப்பதுதான் கஷ்டம். மாத்திரை அட்டைகளில் இருந்த பெயர்களை அவர் படித்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் டப்பாக்களில் மாற்றினேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, எதை எதைப் பேசக் கூடாது என்று பாடம் எடுத்தேன். எடை குறையக் குறைய, "காரம் இல்லாம சாப்புடறீங்கள்ல, அதான்" என்றேன். இதற்கு நடுவில் கஞ்சி, துணி, குளிப்பாட்டல், ராத்திரி வலி. நான் ஒரு மனுஷி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சில நாள் கண்ணாடியில் பார்த்தால் தலை சீவாமல் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும்.

இந்த நிலையில்தான் உபதேசியார் வந்து, "டீச்சர், வியாழக்கிழமை உங்க தெரு. மேசை போட்டு வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் மேசை போட கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. அவர் கட்டிலும் கூடத்தில்தான் இருக்கிறது. கண் விழித்தால் வெள்ளைத் துணியும் சுருபமும் மெழுகுதிரியும் நேர் எதிரே நிற்கும். அவர் இந்த ஊர்க்காரர். தன் தாய்க்கு அந்த மேசை போட்டதைப் பார்த்தவர். ஒரு நொடி அவருக்குச் சந்தேகம் வந்தால் போதும், நான்கு மாதம் கட்டிக் காத்தது அவ்வளவும் போய்விடும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழிதான் தெரிந்தது. பூ. அவருக்குச் சந்தேகமே வராத அளவுக்குப் பூ.

ஒரு சீட்டு காலி

முதலில் மேசை மேல் இருந்த மருந்து டப்பாக்கள், டானிக் பாட்டில், பஞ்சு, பேதிக்குக் கரைக்கிற பொடி எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் வாரிப்போட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனேன். மேசையில் டானிக் வட்டம் வட்டமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன்.

எங்கள் வீடு ரோட்டோரம். நாள் முழுக்க லாரி போகிறது. பூவெல்லாம் மெல்லிய தூசி. பெரிய குண்டானில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுத்து ஈரத்துண்டில் பரப்பினேன். நந்தியாவட்டையை மட்டும் தனியாக வைத்தேன், அதன் பால் மற்ற பூவில் படாமல் இருக்க.

வெள்ளைத் துணியை விரித்தபோது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் அவசர அவசரமாக முதல் டம்ளரை வைத்துவிட்டேன், சுருபத்தை வைப்பதற்கு முன்னால். வழக்கமாகச் சுருபம்தான் முதலில்.

பின்வரிசையில் உயரமான கண்ணாடிப் பாட்டில்களில் காகிதப் பூக் கொத்து. அதற்கு முன்னால் இட்லிப் பூ, சிவப்பும் மஞ்சளும். நடுவில் சில்வர் டம்ளர்களில் ஜினியா. சுருபத்தின் காலடியில் நந்தியாவட்டையை வெள்ளையாகக் குவித்தேன். செம்பருத்தி சாயங்காலத்துக்கு மேல் நிற்காது, அதனால் அதைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டேன். மல்லிகை மொட்டை வாழை நாரில் தொடுத்து மேசை விளிம்பைச் சுற்றிக் கட்டினேன். தொடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை கண் சொக்கி நார் கையில் இருந்து நழுவியது.

அவர் தலையணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன்.

"இடது பக்கம் ஒரு சீட்டு காலியா இருக்கு பாரு," என்றார்.

பழைய நடத்துனர் குரல். எனக்கு உயிர் வந்தது. இடது ஓரத்தில் இருந்த இடைவெளியில் இன்னொரு டம்ளர் ஜினியாவை வைத்தேன்.

"இப்ப சரியாப் போச்சா?"

"ஃபுல்லு. போலாம் ரைட்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நம் வேலை பலித்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

இரண்டும் ஒரே வரவில்

சாமியார் பத்து மணிவாக்கில் வந்தார். அந்த வருடம்தான் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்த இளம் சாமியார். மேசையைப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா" என்றார். ஜெபம் சொன்னார். உப்பையும் தண்ணீரையும் மந்திரித்தார். ஒவ்வொரு அறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்தார். கடைசியாகக் கட்டில் அருகே வந்து அவர் தலை மேல் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

கிளம்பத் திரும்பியவரை என் வீட்டுக்காரர் நிறுத்தினார்.

"ஃபாதர், வூட்ட மந்திரிச்சிட்டீங்க. அப்படியே எனக்கும் அவஸ்தை குடுத்துட்டுப் போயிடுங்க."

சாமியார் என்னைப் பார்த்தார். உபதேசியார் வாளியைக் கீழே வைத்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெழுகுதிரியைப் பார்த்தேன்.

"இப்ப அத நோயில் பூசுதல்னு சொல்றோம் ஐயா," என்றார் சாமியார் மெதுவாக. "சாவுக்கு மட்டும்னு இல்ல. எந்த நோய்க்கும் வாங்கிக்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

"எந்தப் பேர்ல குடுத்தாலும் சரி ஃபாதர். எனக்குத் தேவப்படுது."

எண்ணெய் சாமியார் கையில் இல்லை. கோயிலில் இருந்தது. வண்டியில் போய் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த வீடுகளில் காத்திருக்கச் சொல்ல உபதேசியாரும் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டியது.

நான் நாற்காலியை இழுத்து மேசை அருகில் போட்டு உட்கார்ந்தேன்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லல."

"நம்ம பையன் சொன்னானா போன்ல?"

"அவன் பாவம். அவனுக்கு எங்க வாய் வரும்."

"பின்ன எப்படி?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நீ என்னோட சண்ட போட்டு நாலு மாசம் ஆவுது."

உண்மைதான். முப்பத்து நான்கு வருடம் நாங்கள் சண்டை போட்டுத்தான் குடும்பம் நடத்தினோம். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, செல்போனை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்ததற்கு, உப்புக்கு, புளிக்கு. திருச்சியில் இருந்து வந்த நாளாக நான் எதற்கெடுத்தாலும் சரிங்க என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

"போன மாசம் சும்மா ஒரு பீடி கேட்டுப் பாத்தேன்," என்றார் அவர். "நீயே கடைக்குப் போயி வாங்கியாந்து, பத்தவும் வெச்சிக் குடுத்த. அன்னைக்கே முடிஞ்சிது. இன்னைக்கு இவ்ளோ பூ வேற. வருசா வருசம் ரெண்டு டம்ளர்ல வெப்ப."

"என்னை மன்னிச்சிருங்க."

"அத வுடு. எங்க இருக்கு?"

"கணையத்துல."

"குடல்புண் இல்ல."

"இல்ல."

"எவ்ளோ நாளு சொன்னாங்க?"

"ஆறு மாசம்னாங்க."

அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பயணி கேட்ட ஊருக்கு டிக்கெட் கிழிப்பவர் முகத்தில் எப்படி ஒன்றும் இருக்காதோ அப்படி இருந்தது. பிறகு கையை நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான்கு மாதமாகத் தூக்கிச் சுமந்ததைக் கீழே இறக்கியதும் உடம்பு முழுக்கத் தளர்ந்துபோனது. வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. மேசையில் தலையைச் சாய்த்தேன். ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தேன்.

எழுப்பாமல் விட்டது

கண் விழித்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகுதிரிகளை யாரோ அணைத்திருந்தார்கள். வெயில் நடை தாண்டி உள்ளே வந்திருந்தது. என் கன்னத்தில் ஒரு நந்தியாவட்டை இதழ் ஒட்டியிருந்தது. எழுந்து பார்த்தால் மணி பன்னிரண்டரை.

கட்டிலில் அவர் விழித்தபடி படுத்திருந்தார். நெற்றி எண்ணெயில் பளபளத்தது. இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி விரித்து, படுக்கையில் படாமல் வைத்திருந்தார்.

"சாமியார் வந்தாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு."

"எண்ணெய் பூசினாரா?"

"ம்."

பிறகு உபதேசியார் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. சாமியார் உள்ளே நுழைந்ததும் இவர் வாயில் விரலை வைத்து, "சத்தம் வேணாம் ஃபாதர், இப்பத்தான் தூங்குது" என்றாராம். சாமியார் என்னை எழுப்பப் பார்த்திருக்கிறார். இவர் விடவில்லை. முழு ஜெபத்தையும் சாமியார் அவர் காதருகே குனிந்து முணுமுணுப்பாகச் சொல்லி முடித்தாராம். பதில் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் உபதேசியாரும் இவரும் உதட்டை மட்டும் அசைத்தார்களாம்.

அப்போது எனக்கு இதொன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் புருஷனுக்கு அவஸ்தை கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் தூங்கியிருக்கிறேன் என்பதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்ன மனுசன் நீங்க? ஒரு குரல் குடுத்தா என்னா? கட்டுனவ பக்கத்துல இருக்கேன், என்னை வெச்சிக்கிட்டே எல்லாத்தையும் முடிச்சிக்கிட்டீங்க. ஊர்ல என்னை என்னான்னு சொல்லுவாங்க? புருஷனுக்கு அவஸ்தை குடுக்கறப்பக் குறட்ட வுட்டான்னு சொல்ல மாட்டாங்க? எப்பவும் இப்படித்தான். அன்னைக்கி வீட்டுக்குச் சொல்லாம பி.எப். பணத்த எடுத்தீங்களே, அதே புத்தி. எல்லாம் நீங்களே முடிவு பண்ணிக்கிறது."

நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவ்வளவு நாள் ஆகியிருந்தது அப்படிப் பேசி. எதிர் வீட்டுக்காரி வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "பி.எப். பணம் உன் தங்கச்சி கல்யாணத்துக்குத்தான் எடுத்தேன்" என்றார்.

"அதச் சொல்லிட்டு எடுக்கறதுக்கென்ன?"

"சொன்னா வுட்டுருப்பியா?"

"வுட்டுருக்க மாட்டேன்."

"அப்பறம் என்னா," என்று கண்ணை மூடிக்கொண்டார். "கஞ்சி எதுனா இருக்கா? இன்னைக்காச்சும் உப்புப் போட்டுக் குடு."

டாக்டர் உப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் முடியாது என்றேன். அவர் போட்டால்தான் குடிப்பேன் என்றார். அரை மணி நேரம் அதற்குச் சண்டை.

அதற்குப் பிறகு அவர் ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரத்தில் நாங்கள் சண்டை போடாத நாள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.